கறுப்புப் பட்டியலில் ஒரு போன்

ராஜி தன் மகளின் போனைத் திறந்து பார்க்க முயன்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹர்ஷிதாவுக்கு அன்று கோச்சிங் சென்டரில் நாள் முழுக்கத் தேர்வு. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். புருஷன் கிரிக்கு லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் ஓவர்டைம். சிகந்திராபாத் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்த வீட்டுக்குள் ராஜியும் அந்தப் போனும்தான்.

சில வாரங்களாகவே அவளுக்கு மனசு சரியில்லை. இன்டர் இரண்டாம் வருஷம், அதாவது பிளஸ் டூ, படிக்கிற பெண், போனைப் பார்த்துத் தனக்குள் சிரிக்கிறாள். அம்மா பக்கத்தில் வந்தால் கவிழ்த்து வைக்கிறாள். "யாருடி அது?" என்று கேட்டால் "எவரு லேரு மம்மி" என்று, யாருமில்லை என்ற பொருளில், தெலுங்கில் பதில் வரும். தமிழில் கேட்டதற்குத் தெலுங்கில் பதில் சொல்வது அவள் சின்ன வயசிலிருந்தே செய்வதுதான். ஆனால் அப்போது அதுகூட எதையோ மறைப்பதற்காகத்தான் என்று ராஜிக்குப் பட்டது.

மகளின் பிறந்த தேதியைப் போட்டாள். திறக்கவில்லை. தன் பிறந்த தேதி, கல்யாணத் தேதி, ஹால் டிக்கெட்டின் கடைசி எண்கள் என்று மாற்றி மாற்றிப் போட்டாள். ஒரு நிமிடம் பொறு என்றது போன். பொறுத்தாள். அடுத்த தப்புக்கு ஐந்து நிமிடம், அதற்கடுத்து கால் மணி நேரம், பிறகு ஒரு மணி நேரம். குக்கரை ஏற்றி, துணி உலர்த்தி, திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தாள். விட்டுவிடலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. கடைசியில் அது ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரில் இணைக்கச் சொன்னது.

சாயங்காலம் வந்த ஹர்ஷிதா திரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"நீ ட்ரை பண்ணியா மம்மி?"

"நான் எதுக்குடி தொடறேன்? தானாவே அப்படி ஆயிடுச்சு."

ஹர்ஷிதா உள்ளே போய்க் கதவைச் சற்று ஓங்கிச் சாத்தினாள்.

அந்த ஐபோன் ஜுலைகா மூலமாக வந்தது. ராஜியும் ஜுலைகாவும் ஒரே ஆரம்பப் பள்ளியில் டீச்சர்கள். ராஜி யுகேஜி, ஜுலைகா இரண்டாம் வகுப்புக் கணக்கு. ஜுலைகாவின் தாத்தா கன்டோன்மென்ட் பட்டாளத்துக்கு பூட்ஸ் தைக்க ஆம்பூரிலிருந்து வந்து திருமுல்கேரியில் தங்கிவிட்டவர். ராஜியின் மாமனார் வீட்டார் அரக்கோணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர்கள். ஸ்டாஃப் ரூமில் தமிழ் பேசுகிறவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான் என்பதால் மற்ற டீச்சர்கள் இவர்களைத் தெலுங்கில் "அரவ ஜோடி", தமிழ் ஜோடி, என்று கேலி செய்வார்கள். மத்தியானம் ராஜியின் டப்பாவில் பாதி ஜுலைகாவுக்கு, ஜுலைகாவின் எண்ணெய்க் கத்திரிக்காயில் பாதி ராஜிக்கு. ஏழெட்டு வருஷமாக அப்படித்தான்.

ஜுலைகாவின் தம்பி அப்துல் ரஹீம் ஷார்ஜாவில் வேலை. போன வருஷம் லீவில் வந்தபோது புதுப் போனுக்கு மாறி, பழையதை அக்காவிடம் விட்டுப்போனான். ஹர்ஷிதாவுக்கு ஆகும் என்று ஜுலைகா அதைக் குறைந்த விலைக்கு ராஜியிடம் கொடுத்தாள். "ரஹீமோட அக்கவுன்ட் இன்னும் உள்ளயே இருக்கு ராஜி. போன் போட்டு எடுக்கச் சொல்லவா?" என்று அப்போதே கேட்டாள். "இப்ப என்ன அவசரம், அடுத்த தடவை வரும்போது பாத்துக்கலாம்" என்று சொன்னது ராஜிதான். பிறகு அதை அவள் மறந்தே போனாள்.

மறுநாள் ராஜி போனை மெட்ரோ ஸ்டேஷனுக்குக் கீழே அபிநவ் வைத்திருக்கும் கடைக்குக் கொண்டுபோனாள். அபிநவ் நல்ல பையன். யாருடையது என்று தெரியாமல் எந்தப் போனையும் கம்ப்யூட்டரில் சொருக மாட்டான். திருட்டுப் போனைத் திறந்து கொடுத்துவிட்டு இரண்டு கடைக்காரர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைவதை அவன் பார்த்திருந்தான். பூட்டிய போனின் திரையில் அடையாள எண்ணைப் பார்க்க முடியாது என்பதால், ஊசியால் குத்தி சிம் ட்ரேயை வெளியே எடுத்தான். அந்த மாடலில் போனின் அடையாள எண் ட்ரேயின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். தன் போன் கேமராவில் அதைப் பெரிதாக்கிப் படித்து, அரசாங்க இணையதளத்தில் அடித்தான்.

வந்த பதிலைப் பார்த்ததும் போனை மெதுவாக ராஜியின் பக்கம் நகர்த்தினான்.

"ஆன்ட்டி, இது கறுப்புப் பட்டியல்ல இருக்கு. யாரோ தொலைஞ்சுபோச்சுன்னு புகார் கொடுத்து பிளாக் பண்ணியிருக்காங்க. நான் தொட மாட்டேன். யார்கிட்ட வாங்கினீங்களோ அவங்ககிட்டயே கேளுங்க."

திரையைப் படம் எடுத்து ராஜிக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பியும் வைத்தான்.

கடையிலிருந்து பள்ளிக்கு நடந்துபோன தூரத்தில் ராஜியின் புத்தி எங்கெங்கோ போயிற்று. துபாய், ஷார்ஜா என்று எத்தனை திருட்டுக் கதை கேட்டிருக்கிறாள். போலீஸ் வீட்டுக்கு வந்தால்? ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்க வேடிக்கை பார்க்குமே. பரீட்சை எழுதப் போகிற பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்தால்? ஜுலைகா தெரிந்தே கொடுத்திருப்பாளா? "அக்கவுன்ட் எடுக்கச் சொல்லவா" என்று அவள் கேட்டது மட்டும் அந்த நடையில் நினைவுக்கு வரவேயில்லை.

ஜுலைகா வகுப்பில் இருந்தாள். காத்திருந்து தனியாகக் கேட்டிருக்கலாம். ராஜி ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்த பூர்ணா டீச்சரிடம் அந்தப் படத்தைக் காட்டினாள். என்ன செய்யலாம் என்று யோசனை கேட்கத்தான் காட்டினாள். அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மத்தியான மணி அடிப்பதற்குள் ஆயாவுக்குக்கூடத் தெரிந்துவிட்டது.

ஜுலைகா டப்பாவோடு உள்ளே வந்தபோது எல்லோரும் அவளையே திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள்.

"ஜுலைகா, அந்த போன் எங்கேர்ந்து வந்துச்சு?"

"எந்த போன்? ரஹீம் போனா? அவன் ஷார்ஜால வாங்கினதுன்னு சொன்னேனே."

ராஜி படத்தை நீட்டினாள். ஜுலைகா படித்தாள். திரும்பவும் படித்தாள். "இதுல ஏதோ தப்பு இருக்கு" என்று அங்கேயே தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை. வேலை நேரம்.

"பில்லு இருக்கும் ராஜி. தேடி எடுத்துட்டு வரேன்."

"பில்லு இருந்தா அன்னிக்கே குடுத்திருப்பியே."

சொன்ன மாத்திரத்தில் ராஜிக்கே அது தன் குரலாகத் தெரியவில்லை. ஆனால் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் கேட்டாயிற்று. பூர்ணா டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தாள். ஜுலைகா டப்பாவை மூடினாள். குழாயடிக்குப் போய்க் கையை மட்டும் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

அவளை யாரும் போகச் சொல்லவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு, "பேரன்ட்ஸ் காதுக்குப் போகாம பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னாராம். அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. தசரா லீவு விட்ட அன்று ஜுலைகா தன் அலமாரியைக் காலி செய்தாள். வாசலில் ஆட்டோவுக்கு நின்றவளிடம் ராஜி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"போன் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள் ஜுலைகா. "போலீசுக்குக் குடுக்கணும்னா தாராளமா குடுங்க."

ஏழெட்டு வருஷத்தில் ஜுலைகா அவளை நீங்க என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

போன் பீரோவுக்குள் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. ராஜி அதைப் போலீசுக்குக் கொண்டுபோகவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. ஒருநாள் கிரிதான் பேச்செடுத்தான். அவனோடு வேலை பார்க்கும் ஆண்டனிக்கு ஜகதீஷ் மார்க்கெட்டில் முகமது யூசுப் என்று ஒருவரைத் தெரியுமாம். எப்படிப்பட்ட போனையும் பார்த்து அது எங்கே பிறந்தது, யார் கையில் இருந்தது என்று சொல்லிவிடுவாராம்.

"தொலைச்சவன் யாரோ ஒருத்தன் இருக்கான் இல்ல? அவன்கிட்ட போய்ச் சேரட்டும். நம்ம வீட்ல எதுக்கு அந்தப் பாவம்?" என்றான் கிரி.

ராஜிக்கும் அது சரியென்று பட்டது. உண்மையான சொந்தக்காரனைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால், தான் செய்ததும் ஒருவிதத்தில் நியாயமாகிவிடும் என்று உள்ளுக்குள் ஓர் எண்ணம் இருந்தது. ஹர்ஷிதாவையும் அழைத்துக்கொண்டு போனாள்.

யூசுபின் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஆள் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கையெட்டும் தூரத்தில் வைத்திருந்தார். நடந்ததை ராஜி இந்தியில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார்.

"திறந்து பாக்கணும்னா உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சுடும். போட்டோ, மெசேஜ் எல்லாமே. பரவாயில்லையா?" என்று அந்த ஊர் உருதுவான தக்கினியில் கேட்டார்.

ராஜி மகளைப் பார்த்தாள். ஹர்ஷிதா அம்மாவைப் பார்க்காமல், "அழிச்சிடுங்க அங்கிள்" என்று அவரிடம் இந்தியில் சொல்லிவிட்டுத் தமிழில், "பாக்கணும்னு நினைச்சவங்களுக்கும் கிடைக்கல இல்ல?" என்றாள். அவ்வளவு தெளிவாக அவள் தமிழில் பேசி ராஜி கேட்டதில்லை.

யூசுப் போனை கம்ப்யூட்டரில் இணைத்து முழுக்க அழித்துப் புதிதாக ஏற்றினார். போன் மறுபடி எழுந்ததும் பழைய சொந்தக்காரரின் கடவுச்சொல்லைக் கேட்டது. அவர் திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் குறியைத் தொட்டார், எண் வந்தது. அதை எடுத்துத் தளத்தில் போட்டார். பிறகு ட்ரேயை வெளியே இழுத்து, கண்ணில் லென்ஸைச் சொருகிக்கொண்டு பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"யே ட்ரே இஸ் போன் கா நைச்" என்றார். இந்த ட்ரே இந்தப் போனுடையதே இல்லை.

ராஜிக்குப் புரியவில்லை. யூசுப் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். திரையில் இருக்கும் எண் வேறு. ட்ரேயில் பொறித்திருக்கும் எண் வேறு. ட்ரே, யாரோ தொலைத்த வேறு ஏதோ ஒரு போனிலிருந்து கழன்று வந்தது. கறுப்புப் பட்டியலில் இருப்பது அந்தப் போன். இந்தப் போன் மேல் எந்தப் புகாரும் இல்லை. வளைகுடாவில் விற்பதற்கென்று செய்த போன் இது. மாடல் எண்ணின் கடைசி எழுத்துகளே அதைச் சொல்கின்றன.

"நடுவுல ட்ரே மாத்தினீங்களா?"

ராஜி இல்லை என்று தலையாட்ட ஆரம்பித்தாள். ஹர்ஷிதாதான், "மாத்தினோம் மம்மி. போன மழையில. சிம் எடுக்கும்போது வளைஞ்சுபோச்சே, சிகந்திராபாத் ஸ்டேஷன் பக்கத்துல" என்றாள்.

ராஜிக்கு அந்த மழை நினைவுக்கு வந்தது. நடைபாதைக் கடைக்காரன் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறையப் பழைய ட்ரேக்களைக் கொட்டித் துழாவினான். வெள்ளி நிறத்தில் ஒன்றைப் போடப் போனான். நிறம் ஒட்டவில்லை, தங்க நிறத்தில் தேடிக் கொடு என்று நச்சரித்து வாங்கியவள் அவளேதான்.

கிரி சொன்ன சொந்தக்காரனைக் கண்டுபிடித்தாயிற்று. திரையில் மின்னஞ்சலை மறைத்த புள்ளிகளுக்கு முன்னால் அவன் பெயரின் முதல் எழுத்து தெரிந்துகொண்டிருந்தது. அது ரஹீம்தான்.

"இப்ப இதைத் திறக்க முடியாதா?" என்று கேட்டாள். கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை.

"ஜெயில்பிரேக்னு பூட்டை உடைக்கிற வித்தை போட்டு உள்ள போகலாம்மா. ஆனா கால் வராது, பொம்மை மாதிரி கிடக்கும். அது நக்கோ, வேணாம். மாலிக், அதான் சொந்தக்காரர், தெரிஞ்சவர்தானே? அவர் எங்க இருந்தாலும் தன் அக்கவுன்ட்லேர்ந்து எடுத்துட்டா ரெண்டு நிமிஷ வேலை. ஒரு வார்த்தை கேளுங்க, போதும்."

ஒரு வார்த்தை. ராஜி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் திருமுல்கேரிக்குத் தனியாகப் போனாள். ஜுலைகா வீட்டு முன்னறையில் டியூஷன் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ராஜியைப் பார்த்ததும் ஜுலைகா அவர்களை அனுப்பிவிட்டாள். உட்காரச் சொன்னாள். டீ போட்டுக்கொண்டு வந்தாள். எல்லாம் ஒரு பேரன்ட்டுக்குச் செய்வதுபோல இருந்தது.

ராஜி ட்ரேயைப் பற்றிச் சொன்னாள். மழையைப் பற்றி, தங்க நிறத்தைப் பற்றி, யூசுப் காட்டிய இரண்டு எண்களைப் பற்றி. சொல்லும்போதே அழுகை வந்தது. "நான் கேட்டிருக்கணும் ஜுலைகா. உன்னைத் தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்கணும்."

ஜுலைகா கையைப் பிசைந்துகொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். இந்த முறை உடனே எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரஹீம், உன் பழைய போன் பூட்டிக்கிச்சாம். உன் அக்கவுன்ட்லேர்ந்து எடுத்துவிடணுமாம். ராஜி வந்திருக்காங்க."

"ராஜிக்காவா? நல்லா இருக்கீங்களாக்கா? ஹர்ஷிதா எப்படிப் படிக்குது? அய்யோ, அன்னிக்கே எடுத்திருக்கணும், என் தப்புதான்க்கா. இருங்க, இப்பவே." சற்று நேரம் ஏதோ தட்டும் ஓசை. "ஹவ், ஆமா, ஆச்சு. பாருங்க."

ராஜியின் கையில் இருந்த போன் கடவுச்சொல் கேட்பதை நிறுத்திவிட்டு, புதுப் போனைப்போல அடுத்த திரைக்குப் போனது. அவள் நன்றி சொன்னாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. ஜுலைகா போனை வைத்துவிட்டாள்.

"அவன்கிட்ட நீ ஒண்ணுமே சொல்லலையா?"

"இல்ல."

"பில்லாவது கேட்டிருக்கலாமே ஜுலைகா. அவன் அன்னிக்கே எல்லாத்தையும் சொல்லியிருப்பானே."

ஜுலைகா காலி டம்ளர்களை ஓரமாக நகர்த்தினாள்.

"பயந்துட்டேன்" என்றாள். "கவர்மென்ட் சைட்ல வந்திருக்குன்னதும், ஒருவேளை எவன்கிட்டயோ கம்மி விலைக்கு வாங்கி எனக்குப் பொய் சொல்லிட்டானோன்னு நினைச்சேன். நான் தூக்கி வளத்த புள்ள. நானே அப்படி நினைச்சேன். கேட்டா என்ன சொல்லுவானோன்னு கேக்கவேயில்ல. இத்தனை நாளா அவன் போன் பண்ணும்போதெல்லாம் சரியா பேசக்கூட இல்ல. என்னைச் சொன்னீங்க, அது போகட்டும். என் தம்பிய என்னையே சந்தேகப்பட வெச்சுட்டீங்களே."

ராஜிக்கு அவள் கையைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு ஜுலைகா எழுந்துவிட்டாள். "இருட்டறதுக்குள்ள கிளம்புங்க. அப்புறம் ஆட்டோ கிடைக்காது."

ராஜி தன்னால் முடிந்த ஒன்றைச் செய்தாள். அடுத்த நாள் மத்தியானம் எல்லோரும் இருக்கும்போது ஸ்டாஃப் ரூமில் எழுந்து நின்று, தப்பு தன்னுடையது, அந்தப் போன் ரஹீமுடையதுதான், ட்ரே மாறியதால் வந்த வினை என்று சொன்னாள். எல்லோரும் கேட்டார்கள்.

"ஓ, அவுனா? அப்படியா?" என்றாள் பூர்ணா டீச்சர். "போனீலே, போகட்டும். ஆனாலும் அந்த ஊர்லேர்ந்து வர்ற போனையெல்லாம் நம்ப முடியாது, இல்ல?"

"நம்பலாம் டீச்சர். அதைத்தான் சொல்றேன்."

"சரி சரி, விடுங்க" என்று பூர்ணா ஊறுகாயை நீட்டினாள். பேச்சு ஆண்டு விழாவுக்குத் திரும்பியது. அன்றைக்கு ஒரு படத்தைக் காட்டியதும் அறை முழுக்கப் பற்றிக்கொண்ட சேதி, இன்று திருத்திச் சொன்னபோது அடுத்த மேசையைத் தாண்டவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸிடமும் போய்ச் சொன்னாள். "நல்லது. ஆனா அந்த இடத்துக்கு வேற ஆள் எடுத்தாச்சே" என்றார் அவர்.

ஹர்ஷிதா அந்தப் போனை மறுபடி உபயோகிக்க ஆரம்பித்தாள். இப்போது அம்மா பக்கத்தில் வந்தால் திரையைக் கவிழ்ப்பதில்லை. எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறாள். ராஜி எதுவும் கேட்பதில்லை.

கோடை லீவில் ஒருநாள் காலை கதவைத் தட்டும் சத்தம். அப்துல் ரஹீம் நின்றுகொண்டிருந்தான். கையில் பேரீச்சம்பழப் பெட்டியும் ஹர்ஷிதாவுக்கு ஒரு சாக்லேட் டப்பாவும்.

"வீட்டைத் தேடிக் கண்டுபிடிச்சு வரேன்க்கா" என்று உட்கார்ந்தான். "ஜுலைகா ஆபா கூட்டிட்டு வருவாங்கன்னு பாத்தா, வேலை இருக்குன்னுட்டாங்க. நீங்களும் அந்தப் பக்கமே வரதில்லையாமே. என்னக்கா, ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதாவது?"

ராஜி அவன் முகத்தைப் பார்த்தாள். உன்னைத் திருடன் என்று நினைத்தேன், என்னை மன்னித்துவிடு என்று சொல்ல எத்தனையோ நாள் மனசுக்குள் பேசிப் பார்த்திருக்கிறாள். சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். ஆபா ஏன் என்னிடம் கேட்கவில்லை என்பான். அதற்குப் பதில் சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை.

"ஒண்ணுமில்லப்பா. ஸ்கூலை விட்டுட்டாங்க இல்ல, அதான் பாக்க முடியல."

"நான் சொல்றேன் ஆபாகிட்ட. அடுத்த வாரம் எல்லாரும் எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க."

"வரோம்" என்றாள் ராஜி. வர மாட்டோம் என்று தெரிந்துதான் சொன்னாள். காபி கலக்க உள்ளே போனாள். முன்னறையில் அவன் ஹர்ஷிதாவிடம் போன் நன்றாக ஓடுகிறதா, பேட்டரி நிற்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.